கோழி, முட்டை, புறா: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

உட்லண்ட்ஸில் வாடகை வீட்டுக்குக் குடிவந்து மூன்றாவது மாதம். ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் நான்கு வயது மகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. ஞாயிறு மாலை மலத்தில் ரத்தம் தெரிந்தது. சால்மோனெல்லா என்ற குடல் கிருமி என்று ஆய்வில் வந்தது. அவள் பழையபடி ஓடியாட ஒன்பது நாள் ஆனது. சில நாள் கழித்து ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்து, பொறுமையாகக் கேள்வி கேட்டார். "கோழி எங்கே வாங்கினீர்கள்? எந்தத் தேதியில்? முட்டை ஓட்டில் என்ன அச்சிட்டிருந்தது?" ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. முட்டைத் தட்டு, ரசீது, கோழி வந்த பை எல்லாம் குப்பைக் குழாயில் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. எதிலிருந்து வந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கோழி, முட்டை, பறவைகள் வழியாக வரும் கிருமிகளைப் பற்றி அந்த ஒன்பது நாளில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஊரிலிருந்து இப்போதுதான் வந்து சமையலறையை ஒழுங்குபண்ணிக்கொண்டிருப்பவர்கள் முதல் ஐந்து படிகளையாவது இந்த வாரமே படித்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது இப்போதே வயிற்றுப்போக்கு என்றால் நேராக எட்டாவது படிக்குப் போங்கள்.

முதலில் மூன்று கிருமிகளின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கோழி, முட்டை வழியாக அதிகம் வருபவை சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர். கிளி, புறா போன்றவற்றின் காய்ந்த எச்சத்தூசி வழியாக நுரையீரலுக்குப் போவது கிளமிடியா சிட்டாசி. மூன்றும் பறவையின் உடம்பில் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும். பறவையின் உடல் வெப்பம் 41, 42 டிகிரி. கேம்பிலோபேக்டர் நன்றாக வளர்வதும் ஏறக்குறைய அதே சூட்டில்தான். அதனால் கோழியின் குடலில் அது சுகமாகக் குடியிருக்கும், கோழிக்கு ஒன்றும் ஆகாது. "நல்ல கோழி, பளபளவென்று இருக்கிறது" என்று கண்ணால் பார்த்து வாங்குவதால் இந்தக் கிருமி விஷயத்தில் எந்தப் பயனும் இல்லை. நாற்றம், நிறம், வழவழப்பு எதிலும் அது தெரியாது.

1. குடிவந்த முதல் வாரம் வாங்க வேண்டியவை

வெட்டும் பலகை இரண்டு வாங்குங்கள், நிறம் வேறாக இருக்கட்டும். ஒன்று பச்சை இறைச்சிக்கு மட்டும். இன்னொன்று காய், பழம், வெந்த உணவுக்கு. உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று, 10 முதல் 20 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கும். ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று. வாடகை வீட்டில் வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய ஃபிரிட்ஜ் என்றால் இது கட்டாயம். எங்கள் வீட்டில் இருந்தது 9 டிகிரி காட்டியது, இருக்க வேண்டியது 4 அல்லது அதற்குக் கீழே. கதவின் ரப்பர் தளர்ந்து போயிருந்தது. படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினோம், அவரே மாற்றிக்கொடுத்தார். குடிவந்த முதல் மாதத்துக்குள் பழுதைச் சொன்னால் பெரும்பாலும் வாக்குவாதம் இருக்காது. ஆனாலும் உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் பழுது பற்றிய பகுதியைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மடித்து வைக்கக்கூடிய குளிர்காப்புப் பை ஒன்றும் வாங்குங்கள். எல்லாம் சேர்த்து 50 வெள்ளிக்குள் முடியும்.

2. கோழி வாங்கி வீடு சேரும் வரை

லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையிலோ, உங்கள் பேட்டையில் மீன், இறைச்சி, காய் விற்கும் ஈரச்சந்தையிலோ வாங்குவதென்றால் காலையிலேயே போங்கள். பேரங்காடியில் வாங்கினால் கோழியைக் கடைசியாக எடுங்கள். அரிசி, பருப்பு, காய் எல்லாம் கூடையில் சேர்ந்த பிறகு கோழி. தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்காப்புப் பைக்குள் வையுங்கள். இங்கே பகலில் வெளியே 31, 32 டிகிரி இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும், சால்மோனெல்லா அந்த வெக்கையில் வேகமாகவே பெருகும். தேக்காவில் கறி வாங்கிவிட்டு, அப்படியே பக்கத்தில் சேலை பார்த்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எம்ஆர்டி ரயில் ஏறும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. வேலைகளை முடித்துவிட்டுக் கடைசியாகக் கறிக்கடைக்குப் போங்கள்.

உறைந்த கோழி பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பிரேசிலிலிருந்து வரும் உறைந்த கோழி இங்கே மலிவு, அதில் கிருமி செத்திருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உறையவைத்தால் சால்மோனெல்லா சாகாது, பெருகாமல் நிற்கும், அவ்வளவுதான். கேம்பிலோபேக்டர் எண்ணிக்கை குறையும், முழுதாகப் போகாது. உறைகுளிரிலிருந்து எடுத்த கோழியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டு அலுவலகம் போய் வந்து சமைப்பது ஆபத்து. முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், விளிம்புள்ள பாத்திரத்தில் வைத்து இளக விடுங்கள். கீழ்த்தட்டு என்பது முக்கியம். மேலே வைத்தால் சொட்டும் நீர் கீழே இருக்கும் தயிரிலும் கொத்தமல்லியிலும் விழும்.

3. கழுவுவது

இந்தப் படியில் நம் வீடுகளில் சண்டையே வரும், எங்கள் வீட்டில் வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கோழியை மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவாமல் அடுப்பில் ஏற்றுவது நமக்குப் பாவம் மாதிரி. என் மாமியார் அப்போது எங்களோடு இருந்தார். மருத்துவர் "பச்சைக் கோழியைக் கழுவ வேண்டாம்" என்று சொன்னதை வீட்டில் சொன்னதும், "கழுவாம எப்பிடிம்மா கறி ஆக்குறது? ரத்த வாடை அடிக்காதா?" என்றார். நான் வாதாடவில்லை. "அத்தை, நீங்க எப்பவும் கழுவுற மாதிரியே ஒருதரம் கழுவுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றேன். அவர் வழக்கம்போல மஞ்சள் தடவி, குழாயைத் திறந்து, துண்டு துண்டாகக் காட்டிக் கழுவினார். முடிந்ததும் பக்கத்தில் பாத்திரம் காயவைக்கும் தட்டைக் காட்டினேன். மகளின் வெள்ளை பிளாஸ்டிக் டம்ளரின் உள்பக்கம் ஐந்து மஞ்சள் புள்ளிகள். அவளுடைய சின்னக் கரண்டியில் இரண்டு. ஜன்னல் ஓரம் வைத்திருந்த தக்காளியில் ஒன்று. அத்தை டம்ளரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து அவராகவே குழாயடியில் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுச் சமையலறை சிறியது. தொட்டிக்குப் பக்கத்திலேயே பாத்திரத் தட்டு, அதற்குப் பக்கத்திலேயே அடுப்பு. குழாய்த் தண்ணீர் கறியில் பட்டுத் தெறிக்கும் துளிகள் அரை மீட்டருக்கு மேல் போகும். குழம்பில் கொதிக்கும் கோழியில் உள்ள கிருமி செத்துவிடும். டம்ளரில் ஒட்டியது சாகாது. கேம்பிலோபேக்டர் சில நூறு உள்ளே போனாலே நோய் வரலாம், ஒரு துளிக்கு அது போதும். மஞ்சள், உப்பு, எலுமிச்சை, வினிகர் எதுவும் பச்சைக் கோழியைக் கிருமியற்றதாக ஆக்காது. வாடை போக, மஞ்சளும் உப்பும் தயிரும் போட்டுப் பிசறி மூடி ஃபிரிட்ஜில் வைத்தாலே போதும். ரத்தமோ எலும்புத் தூளோ இருந்தால் சமையலறைக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, காகிதத்தைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

கழுவாமல் மனசு கேட்காது என்பவர்களுக்கு, ஆபத்து குறைந்த ஒரு முறை. முதலில் தொட்டியைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக் குழாயை மூடுங்கள். அதன் பிறகு கோழியை உள்ளே இறக்கி மெதுவாக அலசுங்கள். தண்ணீரைத் தொட்டியின் வாய்க்கு நெருக்கமாகச் சாய்த்து ஊற்றுங்கள். பிறகு தொட்டி, குழாயின் கைப்பிடி, மேடை மூன்றையும் முதலில் சோப்பு போட்டுத் தேய்த்து, அதன்பின் பிளீச் கலந்த நீரால் துடையுங்கள். கலக்கும் அளவும் ஊறும் நேரமும் போத்தலில் இருக்கும். அழுக்கும் கொழுப்பும் இருக்கும்போது பிளீச் வேலை செய்யாது, அதனால்தான் சோப்பு முதலில். பிளீச்சோடு வினிகரையோ கழிவறை ஆசிடையோ கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

குழாயின் கைப்பிடியை மறந்துவிடாதீர்கள். கறிக் கையோடு திறந்து, கையைக் கழுவி, அதே கைப்பிடியை மூடுகிறோம். நான் இப்போது கறி வேலை தொடங்கும் முன்பே மிளகாய்த்தூள், உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் கிண்ணங்களில் எடுத்து வைத்துவிடுகிறேன், டப்பாவைக் கறிக்கையால் தொட வேண்டியதே இல்லை. வேலை முடிந்ததும் 20 விநாடி சோப்பு போட்டுக் கை கழுவுவது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு கறிப் பாத்திரத்துக்குத் தனி. இல்லப் பணிப்பெண் இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லி மட்டும் விடாதீர்கள், ஒருமுறை கூட நின்று செய்து காட்டுங்கள்.

4. வேகவைப்பதும் ஆறவைப்பதும்

கோழியின் மிகத் தடித்த பகுதியின் நடுவில் 75 டிகிரி வர வேண்டும். வெப்பமானியை எலும்பில் படாமல் குத்துங்கள். குழம்பில் பிரச்சினை குறைவு. தந்தூரி, வறுவல், ஓவனில் வைக்கும் முழுக்கால் ஆகியவற்றில்தான் வெளியே கருகி உள்ளே வேகாமல் இருக்கும். நிறத்தை நம்ப வேண்டாம். பச்சைக் கறியை ஊறவைத்த மசாலாவை வெந்த கறியின் மேல் தடவும் பழக்கமிருந்தால் விட்டுவிடுங்கள்.

சமைத்ததை அடுப்பிலேயே இரவெல்லாம் விட்டு மறுநாள் சுண்டவைத்துச் சாப்பிடுவது ஊரில் சரியாக வந்திருக்கலாம், இங்கே அதை நான் செய்வதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் சிறு டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். பிறந்தநாள், கிரகப்பிரவேசத்துக்கு வெளியிலிருந்து சமைத்து வரவழைத்தால், அதில் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று நேரம் ஒட்டியிருக்கும். சமைத்ததிலிருந்து 4 மணி நேரம் என்பது கணக்கு. விருந்தினர் தாமதம் என்று அந்த நேரத்தைத் தாண்டிப் பரிமாறாதீர்கள், மீந்ததைக் கட்டிக்கொடுக்கவும் வேண்டாம்.

5. முட்டை

முட்டையில் இரண்டு வழியாகக் கிருமி வரும். ஓட்டின் மேல் எச்சம் ஒட்டி வருவது ஒன்று. இன்னொன்று சால்மோனெல்லா என்டரிட்டிடிஸ் என்ற வகை. அது கோழியின் சினைப்பையிலேயே இருந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். ஓடு சுத்தமாக, கீறல் இல்லாமல் இருந்தாலும் உள்ளே இருக்கலாம். உள்ளூர்ப் பண்ணை, மலேசியப் பண்ணை என்ற வேறுபாடும் இல்லை, இரு பக்கத்து முட்டைகளும் இதற்காகக் கடைகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டிருக்கின்றன.

வாங்கியதும் செய்ய வேண்டியது, முட்டை ஓட்டில் அச்சிட்ட குறியீட்டைக் கைப்பேசியில் படம் எடுப்பது. எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்பதை அது காட்டும். மலேசிய முட்டைகளில் சி, இ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் குறியீடு இருக்கும். சிங்கப்பூர் உணவு அமைப்பு, அதாவது எல்லோரும் எஸ்எஃப்ஏ என்று சொல்வது, முட்டைகளை மீட்டுக்கொள்ளச் சொல்லும்போது அந்தக் குறியீட்டைத்தான் வெளியிடும். படம் எடுக்க ஐந்து விநாடி, அதோடு ரசீதையும் ஒரு படம். எங்களுக்கு நோய் வந்தபோது இல்லாமல் போனது இந்த இரண்டும்தான்.

முட்டையைக் கழுவி வைக்காதீர்கள், ஓட்டிலுள்ள நுண்துளை வழியாக ஈரத்தோடு கிருமியும் உள்ளே இறங்கும். அட்டையோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். கீறியதைத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து சாப்பிடும் விதம். காலையில் காப்பிக்கடையில் காயா (தேங்காய் ஜாம்) ரொட்டியோடு வரும் பாதி வெந்த முட்டை, வீட்டில் ஆஃப்பாயில், இரண்டும் பெரியவர்கள் தங்கள் பொறுப்பில் சாப்பிடட்டும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நீரிழிவோ புற்றுநோய் சிகிச்சையோ உள்ளவர்கள் ஆகியோருக்கு வெள்ளையும் மஞ்சளும் இறுகும்வரை வெந்த முட்டை மட்டும். குழந்தைக்கு இருமலென்றால் சூடான பாலில் பச்சை முட்டை அடித்துக் கொடுப்பது, பெண்பிள்ளை பெரியவளானால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது என்ற வழக்கங்கள் நம்மிடம் இருக்கின்றன. அன்பினால் செய்வதுதான். ஆனாலும் தயவுசெய்து பச்சையாகக் கொடுக்காதீர்கள். சத்து வேண்டுமென்றால் அவித்த முட்டையை உளுந்தங்களியோடு கொடுக்கலாம். பச்சை முட்டை கட்டாயம் வேண்டிய பண்டம் செய்பவர்கள், பேரங்காடியில் கிருமிநீக்கம் செய்த முட்டை என்று தனியாக விற்பதைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான்.

மலேசியாவின் ஜோகூர் போய் வரும்போது ஒருவர் 30 முட்டை வரை கொண்டுவரலாம். இறைச்சிக்கு நாடு வாரியாக விதி வேறு, எஸ்எஃப்ஏ இணையப் பக்கத்தில் பட்டியல் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் பெட்டியில் நாட்டுக்கோழி முட்டையோ கறியோ வைத்து அனுப்பச் சொல்வதற்கு முன்பும் அதைப் பாருங்கள்.

6. ஏசி மேடையில் புறா, அமாவாசைக்குக் காக்கை

புறா, மைனா, காக்கை மூன்றின் எச்சத்திலும் மேலே சொன்ன கிருமிகள் இருக்கலாம். உணவங்காடி நிலையத்தில் மைனா ஏறி நின்ற மேசையை ஈரத்தாளால் துடைத்துவிட்டு உட்காருங்கள். பிள்ளைகள் விளையாட்டுத் திடலிலிருந்து வந்ததும் கை கழுவ வேண்டும். இதற்குமேல் பயப்பட வேண்டியதில்லை.

சட்டம் மட்டும் கவனம். 2020 ஜூன் முதல் புறா உட்பட எந்தக் காட்டுப் பறவைக்கும் உணவு போடுவது குற்றம். முதல்முறை 5,000 வெள்ளி வரை, மறுமுறை 10,000 வெள்ளி வரை அபராதம். அமாவாசைக்கும் திதிக்கும் காக்கைக்குச் சோறு வைப்பவர்கள் இதை அறியாமல் மாட்டிக்கொள்ளக்கூடும். எங்கள் வீட்டில் இப்போது சுவாமி படத்தின் முன் இலை போட்டுப் படைத்து, அதை வீட்டுப் பெரியவர் சாப்பிடுகிறார். அத்தைக்கு முதலில் வருத்தம்தான். "நெனப்பு முக்கியம், விடும்மா" என்று பிறகு அவரே சொன்னார்.

வீட்டு ஏசி மேடையில் புறா கூடு கட்டியிருந்தால் முதல் விதி, ஜன்னலுக்கு வெளியே ஏறாதீர்கள். எச்சத்தை விடப் பெரிய ஆபத்து அதுதான். ஏசி பராமரிப்புக்கு வருபவர்களிடம் சேர்த்துச் செய்யச் சொல்லி விலை கேளுங்கள், வாடகைக்காரர்கள் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். நடைபாதை, மின்தூக்கித் தளம் போன்ற பொது இடம் என்றால் நகர மன்றத்தின் வேலை. பொது இடப் புகார்களுக்கான ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு போட்டால் உரிய இடத்துக்குப் போய்விடும். கூட்டில் குஞ்சு இருந்தால் நீங்களாகக் கலைக்காமல் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேளுங்கள்.

ஜன்னல் விளிம்பு மாதிரி கைக்கெட்டும் இடத்தில் உள்ள எச்சத்தை ஒருபோதும் காய்ந்தபடி பெருக்கக் கூடாது, சுரண்டவும் கூடாது. அந்தத் தூசியைத்தான் மூச்சில் இழுக்கிறோம். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, விசிறியை அணைத்து, சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் வழித்தெடுங்கள். பிறகு பிளீச் நீர். பிள்ளைகளை அந்நேரம் வேறு அறையில் வையுங்கள்.

7. கிளி வளர்ப்பவர்களுக்கு

உரிமம் பெற்ற கடையில் வாங்கி, ரசீதை வைத்திருங்கள். எல்லைக்கு அப்பாலிருந்து காரில் கொண்டுவந்து மலிவாக விற்கப்படும் பறவைகளை வாங்காதீர்கள். கடத்தல் குற்றம் ஒருபுறம், நெருக்கிப் பூட்டி, பயந்து, பட்டினியாக வந்த பறவைதான் கிளமிடியா சிட்டாசியை அதிகம் வெளியேற்றும். கூண்டின் அடித்தாளைத் தினமும் ஈரப்படுத்தி மாற்றுங்கள். கிளி சோர்ந்து சிறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். உங்களுக்குக் காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக "வீட்டில் கிளி இருக்கிறது" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணச் சளிக்காய்ச்சலாகவே பார்ப்பார்கள். பறவையோடு பழகி 5 முதல் 14 நாளில் பொதுவாக அறிகுறி தெரியும், உரிய ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நன்றாகக் கேட்கும்.

8. வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், முதல் நாள்

உடனே ஒரு தாள் எடுத்து, கடந்த ஏழு நாளில் சாப்பிட்டதை எழுதுங்கள். சால்மோனெல்லா பெரும்பாலும் 6 மணி நேரத்திலிருந்து 3 நாளுக்குள் காட்டும். கேம்பிலோபேக்டர் 2 முதல் 5 நாள், சில நேரம் அதற்கும் மேல். நேற்றுச் சாப்பிட்ட கடையை மட்டும் பழிப்பது நாம் எல்லோரும் செய்யும் தவறு. முதலில் போன மருந்தகத்தில் (கிளினிக்) "நேத்து வெளியில சாப்பிட்டது ஒத்துக்கல போல" என்று நானே சொன்னேன், அதைக் கேட்டு சாதாரண வயிற்றுக்கோளாறுக்கான மருந்தோடு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் வீணானது.

மருந்துக்கடையில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்கும், சில வெள்ளிதான். நடுராத்திரி என்றால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். கரண்டி கரண்டியாக, அடிக்கடி கொடுங்கள். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்கக் கூடாது, குழந்தைக்கு எப்போதுமே கூடாது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாட்டிக்கையும் தொடாதீர்கள். பெரும்பாலான சால்மோனெல்லா வயிற்றுப்போக்குக்கு அது தேவைப்படாது, மலப் பரிசோதனைக்கு முன் சாப்பிட்டால் முடிவும் குழம்பும்.

மலத்தில் ரத்தம், 38.5 டிகிரிக்கு மேல் விடாத காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் உள்வாங்கியது, எழுப்பினால் மந்தமாக இருப்பது, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மயக்கம் என்றால் 995.

9. மருத்துவர், செலவு, காப்பீடு

கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை அல்லது வேலை அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி, குழந்தையின் தடுப்பூசிப் பதிவு, காப்பீட்டு அட்டை, நீங்கள் எழுதிய உணவுப் பட்டியல், மலத்தின் படம் ஒன்று. கூச்சப்படாதீர்கள், எங்கள் மருத்துவர் ரத்தத்தைப் பற்றி நான் சொன்னதைவிடப் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்.

பேட்டை மருந்தகத்தில் மருந்தோடு 40 முதல் 60 வெள்ளி ஆகலாம், இரவிலும் விடுமுறை நாளிலும் கூடும். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) ஹெல்த்ஹப் செயலியில் நேரம் பதிய வேண்டும். அங்கே மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், அனுமதி அட்டையில் இருப்பவர்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். மருத்துவமனை அவசரப் பிரிவு நூறு வெள்ளிக்கு மேல். மலப் பரிசோதனைக்கு எங்களிடம் கேட்டதும் நூறைத் தாண்டியது. கிருமியை வளர்த்துப் பார்த்தால் முடிவு வர இரண்டு முதல் நான்கு நாள், மரபணு முறையில் பார்த்தால் ஒரு நாளில்கூட வரும். எது, எவ்வளவு, எப்போது என்று மாதிரி கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

காப்பீட்டில்தான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். எஸ் பாஸ், வேலை அனுமதி உள்ளவர்களுக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், 2023 ஜூலையிலிருந்து இதுதான் விதி. ஆனால் அது மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும். மனைவி, பிள்ளைகளுக்கு அது தானாக வராது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் உள்ளவர்களுக்குக் கட்டாயமே இல்லை, நிறுவனம் கொடுத்தால்தான் உண்டு. குடும்பம் விமானம் ஏறும் முன்பே மனிதவளப் பிரிவிடம் மூன்று கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். என் குடும்பம் சேர்த்தியா? வெளிநோயாளி செலவு சேர்த்தியா? செலவை ஏற்பதாக மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் கொடுப்பீர்களா? அந்தக் கடிதம் இல்லாவிட்டால் வெளிநாட்டவர்கள் படுக்கையில் சேரும் முன் பெரிய தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவில் அந்தக் கடிதத்துக்கு யாரை அழைப்பது என்று தெரியாமல் என் கணவர் தாழ்வாரத்தில் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அழைக்க வேண்டிய எண்ணை இருவர் கைப்பேசியிலும் சேமித்து வையுங்கள்.

எல்லா ரசீதும் மூலத்தாளாக வேண்டும். நோயின் பெயர் எழுதிய தாளை அன்றே கேட்டு வாங்கினால் பணம் திரும்பப் பெறுவது விரைவாக முடியும்.

10. அதன் பிறகு

சால்மோனெல்லாவும் கேம்பிலோபேக்டரும் இங்கே அறிவிக்க வேண்டிய நோய்கள். மருத்துவரும் ஆய்வகமும் அறிவித்துவிடுவார்கள், நீங்கள் விண்ணப்பம் எதுவும் போட வேண்டியதில்லை. அழைப்பு வந்தால் பயப்படாதீர்கள், உங்களைக் குற்றம் சாட்ட அல்ல. வேறு யாருக்கும் இதே இடத்திலிருந்து வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். வெளிக்கடை உணவு என்று சந்தேகமிருந்தால் எஸ்எஃப்ஏ இணையப் படிவத்தில் நீங்களே புகார் கொடுக்கலாம். கடை, நாள், நேரம், சாப்பிட்டது, உடன் சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு நோய் ஆகியவற்றோடு ரசீதையும் சேர்க்க வேண்டும்.

பாலர் பள்ளிக்கு உடனே சொல்லுங்கள். கடைசிப் போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அனுப்பாமல் இருப்பது நல்ல கணக்கு. சில பள்ளிகள் மருத்துவர் கடிதம் கேட்கும், கடைசி முறை மருத்துவரைப் பார்க்கும்போதே வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்காக இன்னொரு முறை போய் மறுபடி பணம் கட்ட வேண்டும். ஏழு வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ளவர்கள், பிள்ளை குடியுரிமை பெறாவிட்டாலும், வேலையில் மூன்று மாதம் ஆகியிருந்தால் ஆண்டுக்கு 2 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு கேட்கலாம். பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருந்தால் 6 நாள். சமையல் வேலையில் இருப்பவர்களும் வீட்டிலிருந்தே சமைத்து விற்பவர்களும் போக்கு முழுக்க நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமைக்கவே கூடாது.

குணமான பிறகும் சில வாரம் மலத்தில் சால்மோனெல்லா வெளியேறும், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் நீளும். அதுவரை கழிவறை போய்வந்ததும் நீங்களே பக்கத்தில் நின்று கை கழுவ வையுங்கள், தம்பி தங்கையோடு ஒரே தட்டில் ஊட்டாதீர்கள். கேம்பிலோபேக்டர் வந்து போன சில வாரத்தில் காலில் மதமதப்போ தளர்ச்சியோ தொடங்கி மேலே ஏறினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரிதாக நரம்பைத் தாக்கும் குய்யான்-பாரே என்ற நோய் அப்படித்தான் தொடங்கும். அங்கே பதிவு செய்யும்போதே, முன்பு கொடுத்த ஆய்வு முடிவுத்தாளை எடுத்துக் காட்டுங்கள்.